வெளிச்சத்துக்கு அசையாத உயிருக்கு என்ன பெயர்?

கேள்வி: வெளிச்சம் பட்டாலும் அதை நோக்கியும் போகாமல், விலகியும் ஓடாமல் இருக்கும் உயிரினங்களுக்கு அறிவியலில் என்ன பெயர்?

ஏஃபோட்டோடாக்டிக். ஒளியைப் பொறுத்து இடம்பெயர்வது ஃபோட்டோடாக்சிஸ். முன்னால் ஒட்டிய 'ஏ', அது இல்லை என்பதற்கான கிரேக்க ஒட்டு. ஆய்வுக் கட்டுரைகளில் 'நான்-ஃபோட்டோடாக்டிக்' என்றே அதிகம் பார்க்கலாம்.

ராத்திரி சமையலறையில் ஸ்விட்சைத் தட்டியதும் சிங்க்குக்கு அடியில் பாயும் கரப்பான் இந்தக் கணக்கில் வராது. அது எதிர்மறை ஃபோட்டோடாக்சிஸ், விலகி ஓடுவதும் ஒரு பதில்தானே. செடி வளைவது வேறு, அது டிராபிசம். டார்வின் 1880இல் 'அப்ஹீலியோட்ராபிசம்' என்று எழுதியது ஒளிக்கு எதிர்ப்பக்கம் வளைவதை. பெயரின் தொடக்கம் ஒத்திருப்பதால் பழைய புத்தகம் படிப்பவர்கள் இதில் குழம்பிப்போவார்கள், நானும் குழம்பியிருக்கிறேன்.

சரி, ஒன்று நகரவில்லை என்றால் அதற்கு வெளிச்சம் பொருட்டில்லையா, இல்லை வெறும் சோம்பலா? அமெரிக்க உயிரியலாளர் சீமோர் பென்சர் 1967இல் பழ ஈக்களை வைத்து இதைப் பிரித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழாயைத் தட்டி ஈக்களை அடியில் விழவைப்பார், மறுமுனையில் விளக்கு. விளக்குப் பக்கம் வந்தவற்றை அடுத்த குழாய்க்கு மாற்றி, மறுபடியும் அதே சோதனை. இப்படிப் பல சுற்று. அப்புறம் விளக்கை எதிர்ப்பக்கம் வைத்து மொத்தத்தையும் திரும்பச் செய்வார். இரண்டு தடவையும் முதல் குழாயிலேயே கிடப்பது மந்தமான ஈ. விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே மாதிரி ஓடித் திரிகிறதே, அதுதான் நிஜமான ஏஃபோட்டோடாக்டிக். அப்படிப் பிடிபட்ட மரபுப்பிறழ்வு ஈக்கள் சிலவற்றுக்குக் வெளிச்சம் பட்டதும் கண்ணில் எழும் மின்சைகையின் பதிவிலேயே கோளாறு இருந்தது பிறகு தெரிந்தது.

ஆனால் எல்லாமே கண் கோளாறு இல்லை. 1918இல் மெக்யூவன் என்பவர் நல்ல ஈக்களின் இறக்கைகளை வெட்டிப் பார்த்தார். கண்ணில் கை வைக்கவே இல்லை, ஆனாலும் அவை வெளிச்சத்தை நோக்கிப் போவது குறைந்துவிட்டது.

இதைப் படித்த வாரம் கனிந்த வாழைப்பழத்தில் மொய்த்த ஈக்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து, விளக்கை அணைத்து, மூடிப்பக்கம் மொபைல் டார்ச்சைக் காட்டினேன். எல்லாம் மேலே ஏறின. ஒன்று மட்டும் வரவில்லை. உற்றுப் பார்த்தால், பழச்சாறு பட்டு இறக்கை இரண்டும் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கால்கள் நன்றாகத்தான் நடந்தன, டார்ச்சுக்கு எதிர்ப்பக்கமாக.