பாடகர் குரல் எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

கே: இண்டி பேண்டு (சினிமாவையோ பெரிய கம்பெனியையோ சாராமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடும் குழு) ஒன்றின் புது ஆல்பத்தை நண்பர் அனுப்பினார். கிட்டாரும் எதிரொலியும் கணீரென்று கேட்கின்றன. பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. ‘மிக்ஸிங் மோசம்’ என்று சொல்லிவிட்டேன். நண்பரோ குரல் தெளிவாகத்தான் இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி? – வாசகர், குளச்சல்

ப: நண்பர் சொல்வதுதான் சரி. கோளாறு உங்கள் இயர்போனின் ‘பின்’னில், அதாவது போனில் சொருகும் முனையில் இருக்கிறது.

ஸ்டீரியோ பாட்டில் முதன்மைக் குரல், தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார், காலால் அடிக்கும் கிக் டிரம் மூன்றையும் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள். அதாவது இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே அளவில் போகும். எதிரொலியும் இருமுறை வாசித்துப் பதிவு செய்த கிட்டாரும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். இயர்போனின் இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக ஒரு கிரவுண்டு கம்பி (மின்சாரம் திரும்பிப் போகும் வழி) உண்டு. அந்தத் தொடர்பு விட்டுப்போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். ஒரே மாதிரி இருந்தவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குரலோடு பேஸும் சேர்ந்து தொலைந்திருக்கிறதா என்று பாருங்கள். தொலைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய ஒரு சோதனை: போன் அமைப்பில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்யுங்கள். கிரவுண்டு விட்டுப்போயிருந்தால் பாட்டே ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒன்றானபின் வித்தியாசம் ஏது?

காரணம் நாலைந்து இருக்கலாம். போனின் தடித்த கவர் தடுப்பதால் பின் முழுசாக இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கலாம். கவரைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். ஓட்டைக்குள் சட்டைப்பை பஞ்சு அடைந்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை வளைத்துவிடும். கடலோரத்தில் இருக்கிறீர்கள், உப்புக்காற்றில் பின்மேல் பச்சைக் களிம்பு பிடித்திருக்கவும் இடமுண்டு. பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் சொருகுங்கள். கை கழுவும் சானிடைசரால் துடைக்காதீர்கள், அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

மைக் உள்ள இயர்போனின் பின்னில் மூன்று கறுப்பு வளையம் பிரிக்கும் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். பழைய பிளேயரில் அதைச் சொருகினாலும் இதே கோளாறு வரலாம். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்புகிறதா? அப்படியானால் பொருத்தம்தான் பிரச்சினை. வயரை பின்னுக்கு அருகில் அசைக்கும்போது குரல் வந்து வந்து போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. புது பின் வைத்து சால்டர் செய்ய வேண்டும். அந்த மெல்லிய கம்பிகளின் மேல் அரக்குப் பூச்சு இருக்கும். அதைச் சூட்டில் எரித்து எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. கடையில் கொடுப்பவர்கள் இதை ஞாபகமாகச் சொல்லிக் கொடுங்கள்.

கே: நாங்கள் கூட்டாளிகள் சேர்ந்து வாரம் ஒரு ஆல்பம் கேட்டு அபிப்பிராயம் சொல்கிறோம். எல்லாரும் ‘சூப்பர்’, ‘போர்’, ‘வைப் இருக்கு’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: பேச விஷயம் இல்லாமல் இல்லை. குறித்துக்கொள்ளாததால் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

முதல் தடவை கேட்கும்போது பேனா எடுக்காதீர்கள், பாட்டு வரிகளையும் பார்க்காதீர்கள். ஷஃபிளை (பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் வசதி) நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேளுங்கள். பெரும்பாலான ஆல்பங்கள் 35 முதல் 45 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் பட்டியலைப் பார்க்காமல், மனதில் நிற்கும் மூன்று இடங்களை மட்டும் எழுதுங்கள். பாட்டின் பெயர் ஞாபகம் வராவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது தடவை மறுநாள். இப்போது நிமிடம், விநாடியோடு குறியுங்கள். ‘3வது பாட்டு, 2:14, டிரம்ஸ் நின்று பேஸ் மட்டும் ஓடுது’ என்று எழுதினால் போதும். எது எப்போது உள்ளே வருகிறது, எது நிற்கிறது, இரண்டாம் சுற்றில் முதல் சுற்றில் இல்லாத எது சேர்கிறது என்று கவனியுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவது நல்ல பழக்கம். கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் குடத்தையும் உடுக்கையையும் பிரித்துக் கேட்டவர்கள்தானே, பேஸ் கிட்டாரைப் பிடிக்க அவர்களுக்குச் சிரமம் இருக்காது. சர்ச் பாட்டுக்குழுவில் ஆல்ட்டோ, டெனார் பாடியவர்கள் இருந்தால் பின்குரல்களை அவர்கள் பொறுப்பில் விடுங்கள்.

குறை சொல்லும்போது மூன்றைக் கலக்காதீர்கள். நாலே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டினால் அது பாட்டின் அமைப்பு. சுருதி விலகினால் பாடியவர். ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் காதில் சீறினால் அது ஒலிப்பதிவு. ‘போர்’ என்ற ஒரு சொல்லில் இந்த மூன்றும் ஒளிந்திருக்கும்.

சினிமாப் பாட்டில் பழகிய காது பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று எதிர்பார்க்கும். இண்டி குழுக்களில் பலர் அதைத் தருவதில்லை. ‘பாட்டு எங்கேயும் போகல’ என்ற புகார் பாதி இதனால்தான் வருகிறது என்பது என் கருத்து. மீதிப் பாதியில் பாட்டு நிஜமாகவே எங்கேயும் போவதில்லை, அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டு பாட்டை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் கேட்டது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். சத்தம் குறைந்தால் பேஸ் முதலில் மங்கும். ஸ்பாட்டிஃபையில் பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியை ஆன் செய்தால் பொதுவாக −14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் பாட்டுகளுக்கு இடையே குழு வைத்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிடும், ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமப்படுத்தும். ஷஃபிள் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, எல்லாரும் எழுதி முடித்தபிறகே பேசத் தொடங்குங்கள். முதலில் பேசுகிறவர் அபிப்பிராயம் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கே: மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்கிறது. பேஸும் கேட்பதில்லை. – வாசகர், மார்த்தாண்டம்

ப: ஆப்பில் ‘கிராஸ்ஃபேடு’ ஆன் ஆகியிருக்கிறது. அதை 0 ஆக்கி, ‘கேப்லெஸ்’ஸை (பாட்டுகளுக்கு இடையே இடைவெளி விடாத வசதி) ஆன் செய்யுங்கள். பேஸ் விஷயத்தில் பஸ்ஸைக் குறை சொல்ல வேண்டும். இன்ஜின் உறுமலும் பேஸ் கிட்டாரும் ஏறக்குறைய ஒரே தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் ஒன்று மற்றதை மூடிவிடும். பஸ்ஸில் வரிகளையும் மெட்டையும் கவனியுங்கள், பேஸைப் பற்றிய தீர்ப்பை வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

கே: மலையாளக் குழுக்களும் கேட்கிறேன். பேச்சு மலையாளம் தெரியும், பாட்டு வரிகள் பாதி பிடிபடவில்லை. கருத்துச் சொல்லலாமா? – வாசகர், களியக்காவிளை

ப: தாராளமாக. திருவனந்தபுரத்து ‘அவியல்’ குழு 2008இல் வெளியிட்ட ஆல்பத்தில் ராக் கிட்டாரோடு பழைய நாட்டுப்பாட்டு வரிகள் வருகின்றன. அந்த மொழி மலையாளிகளுக்கே எல்லாம் உடனே பிடிபடும் என்று சொல்ல முடியாது. தாளம், குரல், வரிசை இவற்றைப் பற்றி நீங்கள் சொல்ல வார்த்தை அர்த்தம் தேவையில்லை. வரிகளைப் பற்றி மட்டும், யாரிடமாவது அர்த்தம் கேட்டபிறகு பேசுங்கள்.

கே: வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பாட்டு கேட்காது, வால்யூமைக் கூட்டினால் அம்மா திட்டுகிறார்கள். – வாசகர், தக்கலை

ப: அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலுக்குப் போனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வால்யூமைக் கூட்டுமுன் இயர்போனில் காதுக்குள் போகும் சிலிக்கோன் மூடியைப் பாருங்கள். விரலால் லேசாக உள்ளே அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் மூடி சிறிது, ஒரு அளவு பெரியதை மாட்டுங்கள். சரியாக அடைத்தால் மழைச் சத்தம் பாதி குறையும், பாட்டும் குறைந்த வால்யூமிலேயே கேட்கும். தகரத்தில் பேய்மழை அடிக்கிற நேரத்தில் புது ஆல்பத்தைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளைக் கேளுங்கள்.

கே: டேட்டா எவ்வளவு ஆகும்? – வாசகர், அருமனை

ப: 40 நிமிட ஆல்பத்துக்கு 320 கே.பி.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை கிலோபிட்) தரத்தில் சுமார் 96 எம்.பி., 128இல் சுமார் 38 எம்.பி. வைஃபை உள்ள இடத்தில் ஒரு தடவை டவுன்லோட் செய்துகொண்டால் எத்தனை முறை கேட்டாலும் அதோடு சரி. குழுவுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்றால் குழுக்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி குழுவுக்குப் போகும்.