மன்னிப்பும் வாய்தாவும்

அன்புள்ள ஐயா,

மலைப்பிரசங்கம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. முப்பது சென்ட் தோப்பில் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. வழக்குப் போட்டிருக்கிறேன்.

சபையில் எல்லோருக்கும் நான்தான் பொல்லாதவள். போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் கொளுத்தினவங்களையே மன்னிச்சாங்க. உனக்கு முப்பது சென்ட் பெருசாம்மா? வழக்கை வாபஸ் வாங்கிட்டு, காணிக்கையை வச்சிட்டுப் போய் ஒப்புரவாயிட்டு, அப்புறம் திருவிருந்துக்கு வா" என்றார். அன்றிலிருந்து நான் திருவிருந்துக்குப் போகவில்லை. இன்னொன்றையும் மறைக்கவில்லை. ராத்திரி படுக்கும்முன் அண்ணன் பெயரைச் சொல்லி, எதிரியைச் சபிக்கும் 109ஆம் சங்கீதம் வாசிக்கிறேன். நான் கிறிஸ்தவள்தானா?

(பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

போதகர் சொன்ன கதை பாதியோடு நிற்கிறது. 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிளாடிஸின் கணவர், ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் சிறுவர்கள் பிலிப்பையும் திமோத்தியையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. கிளாடிஸ் மன்னித்தார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்தினார். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003இல் கும்பலின் தலைவன் தாரா சிங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்ற பொருளில் கிளாடிஸே பேசியிருக்கிறார்.

அது அரசாங்கம் நடத்திய கொலை வழக்கு, உங்களுடையது நீங்களே போட்ட சிவில் வழக்கு, நீங்கள் நினைத்தால் நிறுத்தலாம் என்று போதகர் பதில் சொல்லக்கூடும். நியாயமான பதில்தான். அதனால் வேதத்துக்கே போவோம்.

எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு "ஏழெழுபதுதரம்" என்று சொன்ன கையோடு இயேசு ஒரு ராஜாவின் உவமையைச் சொல்கிறார், மத்தேயு 18இல். தன் ஊழியக்காரன் ஒருவன் கட்டவே முடியாத பதினாயிரம் தாலந்து கடனை அந்த ராஜா தள்ளுபடி செய்கிறான். பிரசங்கங்கள் நேராக அந்தத் தள்ளுபடிக்குத் தாவிவிடும். உவமையோ ராஜா கணக்குப் பார்க்க உட்காருவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று முதலில் சொல்லப்படுகிறது. கடன்பட்டவன் காலில் விழுகிறான், பிறகு இரக்கம் வருகிறது. உங்கள் வீட்டில் கணக்கே பார்க்கவில்லை. "நான் உன்னிடம் வாங்கியது விடுதலைப் பத்திரம்தான்" என்று உங்கள் அண்ணன் இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. எதைத் தள்ளுபடி செய்யச் சொல்கிறார் போதகர்? அதே அதிகாரத்தில் சில வசனங்கள் முன்னால் பாருங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று வரிசையாக இருக்கிறது. வாயை மூடிக்கொள் என்று இல்லை.

காணிக்கை வசனத்தை அவர் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டார். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது மத்தேயு 5. குறை யாருக்கு யார் பேரில்? உங்களுக்கு, அண்ணன் பேரில். பலிபீடத்தை விட்டு எழுந்து போக வேண்டியவர் அவர். அவர் மாதாமாதம் திருவிருந்து எடுக்கிறார், நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

பவுல், விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைக் கண்டித்தது உண்மை. 1 கொரிந்தியர் 6இல் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்றுகூடக் கேட்கிறார். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால், சகோதரருக்குள் நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று சபையைப் பார்த்து அவர் கேட்கிறார். உங்கள் சபைக் கமிட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்து, பத்திரத்தை வாங்கிப் படித்து, ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தால் அந்த வசனத்தை உங்களிடம் நீட்டும் தகுதி அதற்கு இருந்திருக்கும்.

"கூடப்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள்" என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. சொந்த வீட்டுச் சொத்துத் தகராறோடு மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான் 1986இல் அது ஒழிந்தது. உங்கள் பக்கம் 1925ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நீங்கள் கேட்பது அதைத்தான்.

இனி உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். 109ஆம் சங்கீதத்தை விடுங்கள். "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்" என்று அதில் வருகிறது. அந்தப் பிள்ளைகள் உங்களை அத்தை என்று கூப்பிடுகிறவர்கள். பத்திர ஆபீசுக்கு அவர்கள் வரவில்லை. சங்கீதக்காரன் தன் கசப்பைத் தேவனிடம் கொட்டினான், கொட்டலாம். நீங்கள் செய்வது அதுவல்ல, மருந்து மாதிரி வேளை தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்கள். சிலுவையில் இயேசு, இவர்களுக்கு மன்னியும் என்று பிதாவிடம் கேட்டபோது கீழே நின்றவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அந்த ஜெபத்துக்கு அண்ணனுடைய ஒப்புதல் தேவையில்லை. இன்று ராத்திரியே தொடங்கலாம். வார்த்தை தொண்டையில் சிக்கும், பரவாயில்லை.

அதற்கு மேல் எதற்கும் அவசரம் வேண்டாம். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் கைகுலுக்கினால்தான் மன்னிப்பு என்று யாராவது சொன்னால் ராணி மரியாவின் தங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக வேலை செய்த கேரளக் கன்னியாஸ்திரி ராணி மரியா. 1995 பிப்ரவரி 25 அன்று, பஸ் பயணத்தின்போது, சமந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் குத்திக் கொன்றான். தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். அவர் சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டியது 2002இல். ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் அவன் சிறையில் இருந்தான். செய்தது என்ன என்று அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பிறகு குடும்பத்தாரே அவன் விடுதலைக்கு மனுவில் கையெழுத்திட்டார்கள், 2006இல் வெளியே வந்தான். பிற்பாடு கேரளத்தில் ராணி மரியாவின் தாய் வீட்டுக்கே போய் நின்றான்.

திருவிருந்துக்குப் போங்கள், இந்த மாதமே. வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். அடுத்த வாய்தாவில் சமரச மையத்துக்கு அனுப்பும்படி உங்கள் வக்கீலை மனுப்போடச் சொல்லுங்கள். அங்கே அண்ணன் எதிரில் உட்கார்ந்து, அன்று பத்திர ஆபீசில் நடந்ததைத் தன் வாயால் சொல்லட்டும். சொன்ன பிறகு, தோப்பில் பத்து சென்டை அவருக்கு விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வந்தால் கொடுங்கள், இந்தத் தடவை பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போதகர் கூட வந்து ஜெபித்து ஆரம்பித்துவைக்க விரும்பினால் அவரையும் கூப்பிடுங்கள், மத்தியஸ்தர் அனுமதிக்கும் வரை உட்கார்ந்து கேட்கட்டும்.