மேயரின் சந்தை, நகரத்தின் கோப்பை

அன்புள்ள ஐயா,

யூகோஸ்லாவியாவில் நகர மேயர்களும் கட்சித் தலைவர்களும் கால்பந்துக் கிளப்புகளின் நிர்வாகத்தில் அமர்ந்திருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது அதிகாரச் செருக்கு என்பதைத் தவிர வேறென்ன? மேயர் ஒருவரால் கால்பந்துக்கு என்ன பயன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செருக்கு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் மேயர்கள் கால்பந்துக்குச் செய்ததைக் கிளப்புகளின் பதவிப் பட்டியலில் மட்டும் தேடினால், 1952 முதல் 1963 வரை ஸாக்ரெப் (இன்றைய குரோவேஷியத் தலைநகர்) மேயராக இருந்த வெச்செஸ்லாவ் ஹோல்யேவாட்ஸ் நம் கண்ணில் படவே மாட்டார்.

1917இல் கார்லோவாட்ஸில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகளை எதிர்த்த பார்ட்டிசான் கொரில்லாப் படையில் சண்டையிட்டவர் அவர். அன்றைய ஸாக்ரெப் சாவா ஆற்றின் வடகரையோடு நின்றுவிட்ட ஊர். தென்கரையில் பெரும்பாலும் வயல்களே இருந்தன. சாவ்ஸ்கா வீதியில் நடந்துவந்த வர்த்தகக் கண்காட்சியை 1956இல் அவர் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். கண்காட்சி போனால் சாலையும் மின்சாரமும் வீடுகளும் அதன் பின்னால் போய்த்தானே ஆக வேண்டும்? 1957இல் அமெரிக்கர்கள் அந்தத் திடலில் ஒரு முழு சூப்பர்மார்க்கெட்டையே விரித்துக் காட்டினார்கள். பழைய திடல் மாணவர் மையமாயிற்று. 1937இல் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய வட்டமான கண்காட்சிக் கூடம் இன்றும் அங்கே நிற்கிறது.

கால்பந்து இங்கேதான் வருகிறது. 1955இல் தொடங்கிய ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியான நகரங்களுக்கிடையிலான கண்காட்சிக் கோப்பையில் ஆடுவதற்கு, லீக் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை; வர்த்தகக் கண்காட்சி நடத்தும் நகரமா என்றுதான் கேட்டார்கள். ஆட்டங்களைக் கண்காட்சி நாட்களோடு பொருத்த முயன்றதில் முதல் போட்டித்தொடர் முடியவே மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதில் ஸாக்ரெப் நகர அணியும் ஆடியது. பழைய திடலே அதற்கு நுழைவுச்சீட்டு; அந்தச் சீட்டின் மதிப்பைக் கூட்டியது ஹோல்யேவாட்ஸின் புதிய திடல் என்பது என் கணிப்பு.

பின்னர் ஸாக்ரெப்பின் டினாமோ கிளப் அதே கோப்பையின் 1963 இறுதியில் வாலென்சியாவிடம் தோற்றது. 1967 அரையிறுதியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் 0-3 என அடிவாங்கித் திரும்பி, சொந்த மண்ணில் கூடுதல் நேரம் வரை போராடி 4-0 என மீண்டது; இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்பைத் தன் மக்சிமிர் அரங்கில் 2-0 என வென்று, இங்கிலாந்தில் கோலின்றிச் சமன் செய்து கோப்பையைக் கொண்டுவந்தது.

அதே 1967இல்தான் ஹோல்யேவாட்ஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் கோபத்துக்கு ஆளாகி ஒதுக்கப்பட்டார். 1970இல் இறந்தபோது அவருக்கு வயது 52. தென்கரையில் எழுந்த புதிய ஸாக்ரெப்பில் இன்று ஒரு பெருஞ்சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.