“மாத்திரை வேண்டாம், இந்தத் தண்ணீரே போதும்” என்று சொல்லி மெஷின் விற்றார்கள்: பணம் திரும்புமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆர்.ஓ. போட்டிருக்கிறோம். போன குறுவை நெல் விற்ற பணத்தில் 1,60,000 ரூபாய்க்கு ஆல்கலைன் அயனைஸ்டு வாட்டர் மெஷின் வாங்கி, அந்த ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மாட்டினோம். கம்பெனி பில் இருக்கிறது. விற்றவர் எங்கள் சம்பந்தியின் தம்பி. “கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இந்தத் தண்ணியிலயே கெடச்சிடும், மாத்திரையே வேணாம்” என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். எலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை என் மனைவி நான்கு மாதமாக நிறுத்திவிட்டார். “மூணு பேரைச் சேத்து விட்டா மெஷின் காசு திரும்பிடும்” என்று என் பெயரில் ஐ.டி.யும் (விற்பனையாளர் பதிவு எண்) போட்டார். நான் யாரையும் சேர்க்கவில்லை. மெஷினைத் திருப்பி எடுக்கச் சொன்னால், “ஐ.டி. வாங்கிய நீங்கள் நுகர்வோரே இல்லை” என்கிறது கம்பெனி. உறவு கெடாமல் பணத்தை வாங்க வழி உண்டா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வழக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையை எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். பழைய மருந்துச் சீட்டையும் இனி வாங்கும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சொன்ன பேச்சை நம்பியதால் என்ன நடந்தது என்பதற்கு அவையே சாட்சி.

இந்த மெஷின் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதை இரண்டாகப் பிரிக்கிறது. காரத் தன்மையுள்ளதைக் குடிக்கிறீர்கள், அமிலத் தன்மையுள்ளது வடிகாலுக்குப் போகிறது. உள்ளே வரும் தண்ணீரில் இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தில் ஒரு பங்கு காரப் பக்கம் சேரும். தண்ணீரில் இல்லாத தாதுவை அது உண்டாக்காது. ஆர்.ஓ.வோ அந்தத் தாதுக்களைப் பெரும்பாலும் வடிகட்டி எறிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மாட்டிய மெஷினுக்குச் சேர்த்துத் தர என்ன மிஞ்சும்?

கணக்கும் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஒரு லிட்டரில் 75 மில்லிகிராம் கால்சியத்தை ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தாலும் 150 மில்லிகிராம்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் கேழ்வரகில் 300க்கு மேல் இருக்கிறது. தண்ணீரில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு நிறம் மாற்றிக் காட்டியிருப்பார்கள். அது காரத்தன்மையைத்தான் காட்டும், தாதுவை அல்ல. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டாலும் நிறம் மாறும். ஜப்பான் அங்கீகாரம் என்று காகிதம் நீட்டினால் அசர வேண்டாம். அங்கே இத்தகைய மெஷின்களுக்கு அனுமதி கொடுத்தது வயிற்றுக் கோளாறுகளுக்காக, எலும்புக்காக அல்ல.

அதனால் மெஷின் ஓடுகிறதா, பழுதா என்ற சண்டைக்குள் போகாதீர்கள். அது ஓடத்தான் செய்யும். உங்கள் புகார், விற்பதற்காகச் சொன்ன சொல் பொய் என்பது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. மெஷினுக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து கால்சியம், மெக்னீசியம் அளவை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவில் மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழை இணைத்துவிடுங்கள்.

ஐ.டி. விஷயத்தில் கம்பெனி உங்களை மிரட்டுகிறது. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர்தான் அதே சட்டத்தின் 2(7) பிரிவின்படி நுகர்வோர் ஆகமாட்டார். நீங்கள் ஒரே ஒரு மெஷின் வாங்கி உங்கள் அடுப்படியில் மாட்டியிருக்கிறீர்கள், யாருக்கும் விற்கவில்லை. இன்னொன்று, ஆள் சேர்த்தால் விலை திரும்பும் என்று ஆசை காட்டி விற்பதை 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளே தடுக்கின்றன. அவர்கள் கேடயமாகப் பிடிக்கும் ஐ.டி. அவர்கள் விதிமீறலுக்குத்தான் சாட்சியாகிறது. தன் விற்பனையாளர் செய்த விற்பனையால் எழும் குறைகளுக்குக் கம்பெனியே பொறுப்பு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

உறவு கெடாமல் இருக்க அந்த வரிதான் உங்களுக்கு உதவும். வக்கீல் நோட்டீஸைக் கம்பெனிக்கு மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் சம்பந்தியின் தம்பியை வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசுங்கள். இப்படி விற்கப் போகிறவர்களில் பலர் முதலில் தாங்களே ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். கூட்டத்தில் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் உங்கள் பக்கம் பலமாகும். அவர் மறுத்து, “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால், அவரை இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேர்க்காமல் முடியாது. இதை இப்போதே சம்பந்தியிடம் சொல்லிவிடுவது நல்லது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி நுகர்வோர் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பவும் இடமுண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றே பதிவு செய்யலாம், அதிலேயே சில கம்பெனிகள் இறங்கி வரும். பணத்தோடு, மனைவியின் சிகிச்சைச் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த ஐ.டி.யை ரத்து செய்யச் சொல்லி இந்த வாரமே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள். அதுவரை தெரிந்தவர் ஒருவரைக்கூட அதன் கீழ் சேர்க்க வேண்டாம்.