எல்லா மதமும் ஒன்றுதான் என்று கொழும்பில் சொல்லாதே, தம்பி

தம்பி, அடுத்த மாதம் திருச்சியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறாய். வாடகை, சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, "ஆபீசில் மதப் பேச்சு வந்தால் எல்லாமே ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?" என்றும் கேட்டிருக்கிறாய். வாடகையைத் தரகர் சொல்வார். நான் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

சொல்லாதே. நம்மூரிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரமே எடுத்துவிடுகிற வசனம் அது. அடுத்தது, "புத்தர் விஷ்ணுவின் அவதாரம்தானே?" பெருமைப்படுத்துவதாக நினைப்பு. சிங்கள பௌத்தருக்கு விஷ்ணு புத்த சாசனத்தைக் காக்கும் தெய்வம். பல விகாரைகளில் அவருக்குச் சந்நிதி உண்டு, ஆனால் புத்தருக்குக் கீழேதான். நீ வரிசையைத் தலைகீழாக்கினால் அவர் சிரித்துவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விடுவார். இயேசுவை நபியாக மதிக்கிற முஸ்லிம், இறைமகன் என்று ஏற்கமாட்டார். கத்தோலிக்கருக்கோ அதுதான் எல்லாமே. இவர்களிடம் எல்லாம் ஒன்று என்றால், நீங்கள் சொன்ன எதையும் நான் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சிவனொளிபாதமலை உச்சியில் ஒரு பாதச்சுவடு இருக்கிறது. நமக்குச் சிவனுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது. தோமையாருடையது என்கிற கிறிஸ்தவர்களும் உண்டு. யாரும் தன் கதையை விட்டுக்கொடுக்காமலே எல்லோரும் ஏறுகிறார்கள்.

நான் வந்தபோது போர் முடியவில்லை. தமிழர் அதிகம் இருக்கிற வெள்ளவத்தையில் வீடு தேடினால், இந்தியா என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை. கூடவே குருநாகல் பௌத்தப் பையன் ஒருவன், கல்முனை முஸ்லிம் ஒருவர். கரண்ட் போன இரவுகளில் மறுபிறவி பற்றி விடிய விடியச் சண்டை. ஆத்மாவே இல்லை என்கிறாய், அப்புறம் எதுதான் மறுபடி பிறக்கிறது என்பேன். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் எது போகிறது என்பான் அவன். மறுமையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்முனைக்காரர் பாயை விரிப்பார். அவரவருக்கு அவரவர் உண்மை என்று யாராவது சொல்லியிருந்தால் முதல் ராத்திரியே பேச்சு முடிந்திருக்கும். இப்போது வருகிறவர்கள் கொள்ளுப்பிட்டி அபார்ட்மெண்டை விட்டு இறங்காமலே, இங்கே யாரும் பழகமாட்டார்கள் என்று புலம்புகிறார்கள்.

ஆள் பார்த்துப் பேசு. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அதில் சொந்தத்தை இழந்தவரும், அதன்பின் தன் பெயரைச் சொல்லவே தயங்கிய முஸ்லிமும் உன் ஆபீசிலேயே இருக்கலாம். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள், விவாதம் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை போதும். போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக்கடை பூட்டு. முதல் நாளே வாங்கி வை.