டப்பா காலியா வருது, சாப்பிடுறது யாரு?

கேள்வி: திருப்பூர்ல இருந்து எழுதுறேன், பேர் போட வேண்டாம். பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறான். நான் ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்க்கறேன். காலையில 7.40க்கு ஸ்கூல் வேன் வந்துடும், நாலரைக்கு எழுந்தும் நேரம் பத்தல. வாரத்துல மூணு நாள் அரிசிம்பருப்பு சாதம், மத்த நாள் தக்காளி சாதம், தயிர் சாதம்னு ஓடுது. முன்னாடி பாதி டப்பா திரும்பி வரும். மிச்சம் வச்சா சாயங்காலம் போன் கிடையாதுன்னு சொன்னதுல இருந்து கழுவி வச்ச மாதிரி காலியா வருது, அது ஒண்ணுதான் நிம்மதி. ஆனா பையன் உடம்பு தேறவே இல்ல. சீக்கிரமா செய்யற மாதிரி சத்தான சாப்பாடு சொல்லுங்க. இன்னொண்ணு, எங்க வீட்டு லாப்ரடார் ப்ரூனோ, பையன் பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தது, ரெண்டு வயசு ஆகுது. கொஞ்ச மாசமா நல்லா குண்டாயிட்டான், இப்ப சோர்ந்து சோர்ந்து படுத்துக்கறான், யூரின் டீ கலர்ல போகுது, சூடு புடிச்சிருக்குமோ? பையன் மேல அவ்ளோ பாசம், 4.15க்கு வேன் வந்தா போதும், நேரா அவன் பேக் பக்கத்துல போய் உட்காந்துக்குவான். அவனுக்கும் ஏதாச்சும் சொல்லுங்க.

பதில்: அந்தக் கடைசிக்கு முந்தின வரிய நீங்களே ஒரு தடவை திரும்பப் படிங்கம்மா. காலையில இருந்து பையனைப் பார்க்காம ஏங்கிப்போன நாய், வேன் வந்ததும் பையன் மேல தாவும், முகத்தை நக்கும், சுத்திச் சுத்தி வரும். உங்க ப்ரூனோ பையனை விட்டுட்டு பேக்கு பக்கத்துல போய் உட்காருது. பேக்குல என்ன இருக்கு? டப்பா இருக்கு. டப்பாவுல நீங்க நாலரைக்கு எழுந்து செஞ்ச அரிசிம்பருப்பு சாதம் அப்படியே இருக்கு. நீங்க ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள அது நாய் வயித்துக்குப் போயிடுது, அதனாலதான் டப்பா கழுவி வச்ச மாதிரி இருக்கு, அதனாலதான் பையன் தேறாம நாய் குண்டாகுது. இது எல்லாமே நீங்க எழுதுன கடுதாசிலயே இருக்கு, நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல.

ரெசிபிக்கு அப்புறம் வரேன். முதல்ல நாய், ஏன்னா அதுக்கு நாள் கடத்த நேரம் இல்ல.

அரிசிம்பருப்பு சாதம்னா நம்ம கொங்கு பக்கத்துல சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமா உரிச்சுப் போட்டுத்தான செய்வோம். தக்காளி சாதத்துலயும் அதே வெங்காயம், அதே பூண்டு. நமக்கு அது மருந்து, நாய்க்கு அது விஷம். நாயோட ரத்தத்துல இருக்கற சிவப்பணுவை அது உடைச்சுடும், வேக வச்சாலும் வதக்குனாலும் பொடி பண்ணாலும் அந்தக் குணம் போகாது, வெங்காயத்தை விட பூண்டு இன்னும் மோசம். நாயோட எடையில 0.5 சதவீதம் வெங்காயம் ஒரே நேரத்துல உள்ள போனாலே ரத்தம் கெட ஆரம்பிக்கும், 30 கிலோ நாய்க்கு அது 150 கிராம்தான், கொஞ்சம் கொஞ்சமா தினமும் போனாலும் சேர்ந்து அதே வேலையைத்தான் செய்யும். சாப்பிட்ட அன்னிக்கே ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் சோர்வு, வேகமா மூச்சு வாங்குறது, ஈறு வெளுத்துப்போறது, யூரின் பழுப்பா டீ டிகாக்ஷன் மாதிரி போறது எல்லாம் வரும். நீங்க சூடுன்னு நினைச்சு இளநி குடுத்துட்டு இருக்கலாம்னு நினைக்கும்போதே எனக்கு பதறுது.

மேல் உதட்டைத் தூக்கி ஈறு என்ன கலர்னு பாருங்க. ரோஸ் கலர்ல இருக்கணும், வெள்ளையாவோ மஞ்சளாவோ இருந்தா இன்னிக்கே ஆஸ்பத்திரி, ரோஸா இருந்தாலும் இந்த யூரின் கலருக்கு நாளைக்குள்ள போயே ஆகணும். கவர்மென்ட் கால்நடை மருத்துவமனை பக்கத்துல இருக்கும், அங்கேயே கூட்டிட்டுப் போங்க. உண்ணிக் காய்ச்சல்லயும் யூரின் இப்படிப் போகும், அதனால ரத்தம் எடுத்துப் பார்த்தாதான் எதுன்னு தெரியும், வெங்காயம் பூண்டு போட்ட சாப்பாடு இத்தனை மாசமா போயிருக்குன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அதைச் சொல்லலைனா அவர் உண்ணிக்கு மட்டும் பார்த்துட்டு அனுப்பிடலாம். யாராவது உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைங்கன்னு சொன்னா கேட்காதீங்க, அது தனியா இன்னொரு ஆபத்து. உங்க தயிர் சாதத்துல திராட்சை போடுவீங்கன்னா அதுவும் ஆகாது, பச்சையா இருந்தாலும் உலர்ந்ததா இருந்தாலும் நாயோட கிட்னியைக் கெடுக்கும். சாக்லேட்டும் வேண்டாம், வெந்த கோழி எலும்பும் வேண்டாம், அது கூரா உடைஞ்சு குடலைக் கிழிக்கும்.

ரேபீஸ் ஊசி பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல. குட்டியில போட்டதோட நின்னுபோச்சுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, வருஷா வருஷம் போடணும், உடம்பு தேறினதும் அவர் சொல்ற நாள்ல போட்டுடுங்க. பையனும் நாயும் கட்டிப் புரள்ற வீட்டுல இது கட்டாயம். எந்த நாய் கடிச்சாலும் கீறுனாலும் ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு பையனுக்கும் சொல்லி வைங்க.

இப்ப உங்க கிட்ட வரேன்.

உங்க கடுதாசில எல்லாரைப் பத்தியும் இருக்கு, பையன் வாயால சொன்ன ஒரு வார்த்தை கூட இல்ல. ஏன்டா சாப்பிடலன்னு கேட்டீங்களா? மிச்சம் வச்சா போன் கிடையாதுன்னு சொன்னீங்க. அந்த 9 வயசுக் குழந்தைக்கு அதுல புரிஞ்சது, அம்மாவுக்கு வேண்டியது காலி டப்பா, நான் சாப்பிடறது இல்லன்னுதான். அவன் காலி டப்பாவைக் குடுத்துட்டான். பொய் சொல்லக் கத்துக்குடுத்தது நீங்கதான்மா, இதை மென்மையா சொல்ல எனக்கு வரல. இந்த மாதிரி கடுதாசி எனக்கு எத்தனையோ வந்திருக்கு, ஜன்னல் வழியா போடறவன், பஸ்ஸுல பக்கத்துப் பையனுக்குக் குடுக்கறவன், பாத்ரூம்ல கொட்டறவன், எல்லா வீட்டுலயும் டப்பாவுக்கு ஒரு தண்டனை இருந்திருக்கு, ஒருத்தர் கூட குழந்தைகிட்ட உக்காந்து கேட்டிருக்க மாட்டாங்க. இன்னிக்கு ராத்திரியே அந்த போன் சட்டத்தை எடுத்துடுங்க. மிச்சம் வந்தா வரட்டும், அப்படியே கொண்டு வா, திட்ட மாட்டேன்னு சொல்லுங்க, சொன்னபடி திட்டாமலும் இருங்க.

அப்புறம் உங்க வீட்டுக்காரர். கடுதாசி பூரா தேடிட்டேன், நாய் வாங்கிட்டு வந்த ஒரு இடத்துல மட்டும்தான் வர்றார். சமையல் நீங்க, டப்பா நீங்க, ஆபீஸ் நீங்க, நாய்க்கு யோசனை கேட்டு எழுதுறதும் நீங்க. ஒரு உயிரை வீட்டுக்குள்ள கொண்டுவந்து பிறந்தநாள் பரிசுன்னு குழந்தை கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கறது எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. வாங்கிட்டு வந்தவரு காலையில அரைமணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போகட்டும், ஊசி தேதி அவர் தலையில இருக்கட்டும், மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து அவர் வேலை. ராத்திரி வெங்காயம் உரிக்கிறதும் அவர் செய்யலாம், ஒண்ணும் குறைஞ்சிட மாட்டார். பையனுக்கும் வேலை குடுங்க, நாய்க்கு தண்ணி மாத்தறது, காது மடலுக்குள்ளயும் விரல் இடுக்குலயும் உண்ணி இருக்கான்னு பார்க்கறது, இருந்தா அப்பாவைக் கூப்பிடறது, இது 9 வயசுக்கு முடியும்.

சாப்பாடு. முதல்ல டப்பாவை சின்னதாக்குங்க. குழந்தைகளுக்கு சாப்பிட கிடைக்கிற நேரமே கொஞ்சம், அதுல கை கழுவ ஓடணும், மூடியோட மல்லுக்கட்டணும், கதை பேசணும். நீங்க அழுத்தி ரொப்பி அனுப்பினா பார்த்ததுமே மலைச்சுப்போய் மூடிடுவான். அரிசிம்பருப்பு சாதம் காலையில பக்குவமா இருந்தா மத்தியானம் கட்டியாத்தான் இருக்கும், அதனால ஒரு கப் அரிசி, கால் கப் துவரம்பருப்புக்கு வழக்கத்தை விட அரை கப் தண்ணி கூட வச்சு குழைய விடுங்க, இறக்கி நெய் விட்டு ஆவி அடங்கினப்புறம் மூடுங்க. வாரத்துல ஒருநாள் போதும், மூணு நாள் அதையே தின்னா எந்தப் பிள்ளையும் வெறுக்கும். தயிர் சாதத்துக்கு சாதத்தை சூட்டோட மசிச்சு பால் ஊத்தி, கை பொறுக்கிற சூடு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்தா மத்தியானம் புளிக்காம இருக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான் செய்யணும்.

ஞாயித்துக்கிழமை ஒரு புளிக்காய்ச்சல், ஒரு பருப்புப்பொடி, ஒரு கொத்தமல்லித் தொக்கு, இந்த மூணும் ஃப்ரிட்ஜுல இருந்தா வாரத்துல பாதி காலை அஞ்சரைக்கு எழுந்தாலே போதும், சாதம் வடிச்சு கலந்து கூட ஒரு அவிச்ச முட்டை வச்சா முடிஞ்சுது. சந்தகை புழிய நேரம் இல்லைனா கடையில விக்கிற சேவையை வெந்நீர்ல போட்டு எடுத்து எலுமிச்சையும் வேர்க்கடலையும் தாளிச்சுக் கொட்டுங்க. இட்லியை சின்னச் சின்னதா வெட்டி பொடியும் நல்லெண்ணெயும் பிரட்டி வைங்க, ஸ்பூன் இல்லாமலே சாப்பிட்டுடுவான். சப்பாத்திக்குள்ள முட்டைப் பொரியல் சுருட்டுறது பிள்ளைகளுக்குப் புடிக்கும். இதுல எதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, அவனை வச்சு முடிவு பண்ணுங்க.

டப்பாவை விட முக்கியம் அந்த 4.15 மணி. அவன் கொலைப்பசியோட வர்ற நேரம் அது, அப்ப அவன் பிஸ்கட்டைப் பிரிச்சுக்கறான்னு வைங்க, ராத்திரியும் சாப்பிட மாட்டான். தோசை மாவு எப்பவும் இருக்கட்டும், வீட்டுல பெரியவங்க இருந்தா ரெண்டு தோசை ஊத்திக் குடுக்கட்டும், யாரும் இல்லைனா காலையிலயே ராகி அடையோ அவிச்ச வேர்க்கடலையோ வாழைப்பழமோ எடுத்து வச்சுட்டுப் போங்க. அதே நேரத்துக்கு ப்ரூனோவுக்கும் அதோட தட்டுல அதோட சாப்பாடு இருக்கணும், அப்பதான் அது பேக்கைத் தேடாது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம எலும்பில்லாத கோழியையோ முட்டையையோ வேக வச்சு, சாதம், கேரட், பரங்கிக்காயோட பிசைஞ்சு வைக்கலாம், எவ்வளவுன்னு டாக்டர் எடை பார்த்துச் சொல்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையனையும் கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி, நீ குடுத்தது நாய்க்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதுல்லன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். எந்தெந்த நாள் என்னென்ன குடுத்தான்னு டாக்டர் கேட்டா, அதுக்குப் பதில் அவன்தான் சொல்லணும், நீங்க குறுக்க பேசாதீங்க.