ஸ்படிகமா, கண்ணாடியா?

கே: ஏற்காடு ஏரிக்கரைக் கடையில் ஸ்படிக உருண்டை வாங்கினேன். கண்ணாடியோ என்று சந்தேகம். வீட்டிலேயே பார்க்க முடியுமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

ப: கடையிலேயே கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். ஏற்காட்டுக் குளிரில் கண்ணாடியும் சில்லென்றுதான் இருக்கும்! வீட்டு மேசையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோலியையும் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்படிகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் அதில் குளிர்ச்சி நின்று தெரியும். பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் காற்றுக்குமிழ் தென்பட்டால் அது கண்ணாடி.

குமிழ் இல்லையென்றால் எடைதான் வழி. 0.01 கிராம் காட்டும் தராசில் உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் டம்ளர் தண்ணீரை வைத்து சுழியமாக்கி, உருண்டையை மெல்லிய நூலில் கட்டி முழுக அமிழ்த்துங்கள். உலர் எடை 53 கிராம், அமிழ்த்தும்போது தராசு காட்டுவது 20 கிராம் என்றால் 53÷20=2.65. அது ஸ்படிகத்தின் அடர்த்தி. சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும்.

இங்கே பலர் ஏமாறுவது உண்டு. உருண்டை டம்ளரின் அடியில் பட்டாலோ, குமிழ் ஒட்டியிருந்தாலோ தராசு கூடுதலாகக் காட்டும். விடை குறைந்து, நல்ல ஸ்படிகமே கண்ணாடி ஆகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப் விட்டால் குமிழ் ஒட்டாது. மாலையென்றால் மணிகளை நூலிலிருந்து உருவிவிட வேண்டும். ஆலையில் வளர்த்த ஸ்படிகமும் 2.65தான், வீட்டில் அதைப் பிரித்தறிய முடியாது.

கே: கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக் கல் பொறுக்கினேன். ஸ்படிகமா?

ப: அங்கே கிடைப்பது பெரும்பாலும் மேக்னசைட், நம்மூர் வெள்ளைக்கல். உலைச் செங்கலுக்குப் போவது. கத்தி முனையால் கீறுங்கள். மேக்னசைட்டில் கீறல் விழும். பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் ஸ்படிகம் 7, கத்தியைவிடக் கடினம். அதில் கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் கோடாகப் படியும்.

கே: ஸ்படிகம் ஊறிய தண்ணீர் உடல் சூட்டைத் தணிக்குமா? வீட்டில் எங்கே வைக்கலாம்?

ப: அது சிலிக்கா, தண்ணீரில் கரைந்து எதையும் தராது. தொட்டால் குளிர்வதால் வந்த நம்பிக்கை. பழைய கிரேக்கர்கள் இதை உருகாத பனிக்கட்டி என்றே நினைத்தார்கள். பூஜையில் வைப்பதில் தவறில்லை. கொதிநீர் ஊற்றி உடனே குளிர்ந்த நீர் விடாதீர்கள், விரிசல் விடும். உருண்டையை மட்டும் வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடி போல ஒளியைக் குவித்து, பக்கத்துத் திரைச்சீலையில் தீப்பற்ற வைத்துவிடும்.